செய்தியில் சாய்வு காணும் முறை

செய்தித்தாள் படிப்போர் நம்மவரிடையே இரு வகையினராக உள்ளனர். ஒரு சாரார், அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று கொள்வர். "பேப்பரிலேயே போட்டிருக்கிறதே!" என்பது அவர்களுக்கு வழக்கை முடித்துவிடும் தீர்ப்பு. மற்றொரு சாரார், அச்சில் வருவதெல்லாம் அரசியல்வாதிகள் விலை கொடுத்து வாங்கிய பொய் என்று தள்ளுவர். முன்னவர் ஏமாறுவர், பின்னவர் எதையும் அறியாமற் போவர். இருவருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஏற்பதா தள்ளுவதா என்னும் முடிவைப் படிப்பதற்கு முன்பே அவர்கள் எடுத்துவிட்டனர்.

அரசியல் சாய்வு என்பது யாது என முதலில் வரையறுத்துக்கொள்வோம். பொய் வேறு, சாய்வு வேறு. நடவாததை நடந்தது என்பது பொய். சாய்வோ, நடந்ததையே சொல்லும். ஆனால் தராசின் ஒரு தட்டில் விரலை வைத்துக்கொண்டு சொல்லும். திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்து, அங்கே துலாக்கோலை உவமை காட்டியதன் பொருத்தம் இங்கு விளங்கும். தட்டில் வைத்த பொருள் மெய்யானதே, எடைதான் மாறிவிடுகிறது.

ஒரு பத்திரிகை தனக்கென ஓர் அரசியல் கொள்கை வைத்திருப்பது குற்றமாகாது. அதனைத் தலையங்கத்தில் எழுதுவது அதன் உரிமை. வாசகரும் அங்குக் காண்பது கருத்து என அறிந்தே படிப்பர். அக்கருத்து செய்தியின் உடை அணிந்து முதற்பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இதனைக் கண்டறிய அரசியல் நூற்புலமை வேண்டியதில்லை. தமிழாசிரியரிடம் உரிய கருவிகள் முன்பே உள்ளன. எழுவாய் எது, பயனிலை எது, தன்வினையா பிறவினையா, செய்வினையா செயப்பாட்டுவினையா என்று நாம் நாள்தோறும் கரும்பலகை முன் நின்று கேட்கும் வினாக்களையே செய்தியிடமும் கேட்டால் போதும். நம் மண்ணில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

கிள்ளான், 1941

1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவர்களுக்கு வழிகாட்டியது. சங்கத்தின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன், கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்தவர்.

தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கொடுமை செய்யும் கிராணிமாரை நீக்குதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, போதிய மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கவும் கூட்டம் கூடவும் உரிமை, உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் வந்துபோக அனுமதி. இவற்றோடு, துரைமார், கிராணிமார் முன்னிலையில் சைக்கிளைவிட்டு இறங்காமலேயே செல்லும் உரிமையும் அப்பட்டியலில் இருந்தது.

மே 5-ஆம் நாள் அரசு நாதனைக் கைது செய்தது. போராட்டம் மேலும் பரவிற்று, மோதல்கள் மூண்டன. அரசு படையை வரவழைத்து, மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலையை அறிவித்தது. அரசின் படைகள் சுட்டதில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினர்.

இந்நிகழ்ச்சிக்கு ஆங்கில நூல்களில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. சிலர் 'கிள்ளான் கலவரம்' என்பர். சிலர் 'கிள்ளான் வேலைநிறுத்தம்' என்பர். வேலைநிறுத்தம் நடந்தது உண்மை. மோதல் நடந்ததும் உண்மை. எனவே இரண்டில் எதுவும் பொய்யன்று. ஆயினும், 'கலவரம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் வினா, "யார் தூண்டிவிட்டது?" என்பது. 'வேலைநிறுத்தம்' என்றவுடன் எழும் வினா, "எதற்காகச் செய்தார்கள்?" என்பது. அன்றைய ஆட்சியாளர் முதல் வினாவையே விரும்பினர். நாதனைத் தூண்டிவிடுபவர் என்றே கருதினர். இரண்டாம் வினாவை எழுப்பினால் கூலி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கு விடை கூற வேண்டிவந்திருக்கும். ஆகவே முதற்பாடம் இது: ஒரு செய்தி தான் கூறும் நிகழ்ச்சிக்கு என்ன பெயர் இடுகிறது எனக் காண்க. வேறு பெயர் இட முடியுமா என்றும் எண்ணுக.

எழுவாய் எங்கே?

பாடத்திற்காக நான் அமைத்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

"அரசின் படைகள் தொழிலாளர் ஐவரைச் சுட்டுக் கொன்றன."
"தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்."
"கிள்ளான் கலவரத்தில் ஐவர் பலி."

மூன்றும் ஒரே நிகழ்ச்சியைக் கூறுகின்றன. முதல் வாக்கியத்தில் செய்தவர் எழுவாயாக நிற்கின்றனர். இரண்டாவதில் செயப்பாட்டுவினை வந்ததும் செய்தவர் மறைந்துவிட்டனர். மூன்றாவதில் தொழிலாளர் என்ற சொல்லும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. கலவரமே ஐவரையும் கொன்றதுபோல் வாக்கியம் அமைந்துவிட்டது. தலைப்புக்கு இடம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சிறிய இடத்திலிருந்து எப்போதும் யார் வெளியேற்றப்படுகிறார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

தன்வினையும் பிறவினையும் இதனினும் நுட்பமானவை. "கூட்டத்தினர் கலைந்தனர்" என்பது ஒரு செய்தி. "கூட்டத்தினரைக் கலைத்தனர்" என்பது மற்றொரு செய்தி. வினையில் மாறியது ஒரே ஓர் எழுத்து. முன்னதில் மக்கள் தாமே வீடு திரும்பினர். பின்னதில் எவரோ விரட்டினர். அவ்வாறே, "ஆசிரியர் விலகினார்" என்பதற்கும் "ஆசிரியரை விலக்கினர்" என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

இது வெறும் இலக்கண விளையாட்டன்று. 1961-ஆம் ஆண்டு, ஜாவி எழுத்தில் வெளிவந்த 'உத்துசான் மெலாயு' நாளிதழைத் தன் கட்டுப்பாட்டில் வைக்க அம்னோ முற்பட்டது. அதனை எதிர்த்து அப்பத்திரிகையின் ஊழியர், ஆசிரியர் சைட் சஹாரியின் தலைமையில், ஜூலை மாதம் கோலாலம்பூரில் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது மூன்று மாதம் நீடித்தது. இடையில் அவர் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, மலாயா அரசு அவர் திரும்பி வரத் தடை விதித்தது. இதனை, "ஆசிரியர் சிங்கப்பூர் சென்றார், திரும்பவில்லை" என்று எழுதினாலும் அதில் பொய் இல்லை. ஆனால் உண்மை அதில் பாதிகூட இல்லை.

யார் சொன்னது? எப்படிச் சொன்னார்?

நம் பாட்டிமார் கதை சொல்லும்போது, "ராஜா வந்தானாம், பார்த்தானாம்" என்பர். அந்த 'ஆம்', தாம் நேரிற் கண்டதன்று, கேள்விப்பட்டது என்பதைக் கேட்போருக்கு உணர்த்திவிடும். செய்தித்தாளில் அந்த 'ஆம்' வேறு உருவில் வருகிறது. "கூறப்படுகிறது", "தெரிகிறது", "நம்பப்படுகிறது" என்பன அவ்வுருவங்கள். யார் கூறுவது? யாருக்குத் தெரிகிறது? யார் நம்புவது? விடை அடுத்த வரியிலேனும் இருந்தால் நன்று. கட்டுரை முடியும்வரை இல்லையானால், அச்செய்தியைப் பாட்டியின் கதைக்குரிய இடத்தில் வைத்துப் படிப்பதே முறை.

சொல்லும் வினையும் நோக்கத்தக்கது. ஒரு கட்சித் தலைவர் 'விளக்கினார்', 'உறுதியளித்தார்', 'நினைவூட்டினார்' என்றும், மற்றக் கட்சித் தலைவர் 'கொக்கரித்தார்', 'மழுப்பினார்', 'ஒப்புக்கொண்டார்' என்றும் எழுதப்பட்டிருந்தால், அவர்கள் என்ன பேசினர் என்று படிக்குமுன்பே நமக்குத் தீர்ப்பு கொடுக்கப்பட்டுவிட்டது. 'கூறினார்' என்ற எளிய சொல் எவர்மீதும் சாயாதது.

நம் நாட்டுத் தமிழ்ச் செய்திகளில் பட்டங்களும் ஓர் அளவுகோல். ஒருவருக்கு 'மாண்புமிகு', 'டத்தோ', 'டான் ஸ்ரீ' அனைத்தும் வரிசையாக வரும். அதே பட்டம் பெற்ற எதிரணியினர் வெறும் பெயரோடு நிற்பார். கட்சி மாறிய மறுநாளே ஒருவருடைய அடைமொழி மறைவதும் உண்டு. பெயரடைகளை அடிக்கோடிட்டுப் பார்த்தால் இது வெளிப்படும்.

விடுபட்டது எது?

இருப்பதைப் படிப்பது எளிது. இல்லாததைப் படிப்பது அரிது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொய் சொல்லவில்லை. பொற்கொல்லன் ஒருவனின் வாய்மொழியை மட்டும் கேட்டான்; கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுதரப்பின் சான்று, மாணிக்கப் பரல் கொண்ட சிலம்பாக, கண்ணகியின் கையில் வந்தபோது காலம் கடந்துவிட்டது. ஒருதரப்பின் சொல்லை மட்டும் கொண்ட செய்தி ஒவ்வொன்றும் பொற்கொல்லன் கொண்டுவந்த செய்தியே. அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அதை நம்பித் தீர்ப்பு வழங்க இயலாது.

கிள்ளான் தொழிலாளரைப் பற்றி, "அதிகக் கூலி கேட்டு வேலைநிறுத்தம்" என்று ஒருவர் எழுதினால், அது சரியான செய்தியே. ஆனால் சைக்கிள் விடுபட்டுவிடுகிறது. சைக்கிள் விடுபட்டால், சில காசுகளுக்காகச் சண்டையிட்டவராக மட்டுமே அவர்கள் தோன்றுவர். தம்மையும் மனிதராக மதிக்கக் கேட்டவர் என்பது மறைந்துபோகும். ஒரு வரி விடுபடுவதால் ஒரு தலைமுறையின் மானமே விடுபட்டுப்போவதை இங்குக் காண்கிறோம்.

எண்ணும் படமும்

2007-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூரில் ஹிண்ட்ராப் பேரணி நடந்தது. போலீசார் கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் பயன்படுத்தினர். கூடியோர் தொகை பத்தாயிரம் என்றும் முப்பதாயிரம் என்றும் வேறுபட்டு வந்தது. அரசுத் தரப்பு அதனைச் 'சட்டவிரோதக் கூட்டம்' என்றது. ஏற்பாட்டாளர் தரப்பு 'உரிமைப் போராட்டம்' என்றது. எண்ணைக் கண்டவுடன் நாம் கேட்க வேண்டுவது, எண்ணியவர் யார் என்பது. போலீசாரா, ஏற்பாட்டாளரா, அங்கு நின்ற நிருபரா? ஏற்பாட்டாளருக்குத் தொகை பெருகுவதில் நன்மை. எதிர்ப்போருக்குக் குறைவதில் நன்மை. இரு தொகையையும் யார் சொன்னது என்று குறித்து வெளியிடும் தாள் வாசகரை மதிக்கும் தாள்.

படம் பொய் சொல்லாது என்பதும் நம்பத்தக்கதன்று. 2001-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அதிகாலையில் சென்னையில் மு. கருணாநிதியைப் போலீசார் கைது செய்தனர். அப்போது முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா. தி.மு.க. சார்பான சன் தொலைக்காட்சி, முதியவரான தலைவரைப் போலீசார் இழுத்துச் செல்லும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அ.தி.மு.க. சார்பான ஜெயா தொலைக்காட்சியோ, அங்கு வந்த தி.மு.க.வின் மத்திய அமைச்சர்கள் போலீசாரோடு மல்லுக்கட்டும் காட்சியை முன்னிறுத்தியது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே இரவில் எடுத்த காட்சிகள். ஒன்றை மட்டும் கண்டவர், தாம் அனைத்தையும் கண்ணாற் கண்டதாகவே எண்ணியிருப்பர்.

யாருடைய தாள்?

மளிகைக் கடையில் தராசைப் பார்ப்பவர், கடைக்காரர் யார் என்பதையும் அறிந்திருப்பர். செய்தித்தாளுக்கும் அது வேண்டும். மலேசியாவில் நாளிதழ்களுக்கும் கட்சிகளுக்கும் உள்ள உறவு மறைவானதன்று. 1961-க்குப் பின் 'உத்துசான்' அம்னோவின் பக்கம் நின்றது. 'ஸ்டார்' நாளிதழில் ம.சீ.ச.வுக்குப் பெரும் பங்கு உண்டு. 1924-இல் தொடங்கி 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுபோன 'தமிழ் நேசன்', தன் பிற்காலத்தில், ம.இ.கா.வுக்கு 1979 முதல் 2010 வரை தலைமை தாங்கிய ச. சாமிவேலுவின் குடும்பத்தாரிடம் இருந்தது. ஒரு காலத்தில் நாதன் பணியாற்றிய தாளும், பிற்காலத்தில் கட்சித் தலைவரின் குடும்பம் நடத்திய தாளும் ஒரே பெயர் கொண்டவை. பெயர் மாறாமலே சார்பு மாறலாம் என்பதற்கு இதுவே சான்று.

உடைமைக்கு மேல் உரிமம் ஒன்று உண்டு. 1984-ஆம் ஆண்டின் அச்சு, வெளியீட்டுச் சட்டப்படி நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2012-இல்தான் நீங்கியது. உரிமம் பெறும் கடமை நீங்கவில்லை. 1987 அக்டோபரில் 'ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வாத்தான்' ஆகிய மூன்று தாள்களின் உரிமங்களை அரசு பறித்தது. 1988 மார்ச்சில் அவை மீண்டும் வெளிவந்தன. 2008 ஏப்ரலில் 'மக்கள் ஓசை'யின் உரிமத்தைப் புதுப்பிக்க முதலில் மறுத்த அமைச்சு, பின்னர் இசைந்தது. இத்தகைய நிலையில் ஓர் ஆசிரியர் எதை எழுதினார் என்பதோடு, எதை எழுத அஞ்சினார் என்பதையும் எண்ண வேண்டியுள்ளது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. உடையவர் யார் என அறிந்தவுடன் அத்தாளில் வருவது அனைத்தும் பொய் என்று முடிவு கட்டுதல் கூடாது. கட்சிக்காரரின் தாளிலும் நேர்மையான நிருபர் எழுதிய உண்மைச் செய்தி வரும். தனித்து நிற்பதாகச் சொல்லும் தாளிலும் சாய்வு வரும். உடைமை நமக்குத் தருவது ஐயமே. தீர்ப்பைச் செய்தியின் வாக்கியங்களே தர வேண்டும்.

நம் மனத்துச் சாய்வு

இதுவரை கூறியவை பிறர் தராசைப் பற்றியவை. நம் தராசும் ஒன்று உண்டு. நமக்குப் பிடித்த தலைவரைப் புகழும் செய்தியில் எவரும் எழுவாயைத் தேடுவதில்லை. பிடிக்காதவரைப் பற்றி 'கூறப்படுகிறது' என்று வந்தால், 'யார் கூறியது?' என எவரும் கேட்பதில்லை. கைப்பேசியில் வாட்ஸ்அப் வழி வரும் செய்திகளுக்கு ஆசிரியர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. நம் எண்ணத்தோடு ஒத்துப்போனால் ஒரு நொடியில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அச்சுத்தாளுக்குத் தவறிழைத்தால் வழக்கு உண்டு என்ற அச்சமேனும் உண்டு. பெயரற்ற செய்திக்கு அதுவும் இல்லை. படித்தவுடன் மகிழ்ச்சியோ சினமோ பொங்கினால், அச்செய்தியை இரண்டாம் முறை படிக்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவருக்கு நான் கையாளும் முறையை ஆசிரிய அன்பர்களின் பார்வைக்கு வைக்கிறேன். செலவு சில வெள்ளிகளே. பிரிக்பீல்ட்ஸ் போனாலும் கிள்ளான் போனாலும் ஒரே நாளின் இரண்டு தமிழ் நாளிதழ்களையும் ஒரு மலாய் நாளிதழையும் வாங்கி வருவேன். மூன்றிலும் வந்துள்ள ஒரே நிகழ்ச்சியைத் தேர்ந்து மாணவரிடம் கொடுப்பேன். அவர்கள் செய்ய வேண்டுவன ஐந்து:

1. தலைப்பின் எழுவாயைக் கண்டு அடிக்கோடிடுதல். இல்லையேல், செய்தவர் யார் என எழுதுதல்.
2. பெயரடை, வினையடைகளை வட்டமிடுதல். அவற்றை நீக்கிப் படித்தால் பொருள் குறைகிறதா எனக் காணுதல்.
3. யார் யார் பேசுகின்றனர், ஒவ்வொருவருக்கும் எத்தனை வரி என எண்ணுதல்.
4. ஒரு தாளில் இருந்து மற்றதில் இல்லாதவற்றைப் பட்டியலிடுதல்.
5. அதே செய்தியைச் சாய்வின்றித் தம் சொற்களில் எழுதுதல்.

ஒரு முறை, தோட்டம் ஒன்று மேம்பாட்டுக்கு விற்கப்பட்டு, அங்குள்ளோர் வேறிடம் செல்ல வேண்டிய செய்தியை எடுத்துக்கொண்டோம். மூன்றாம் பயிற்சியை முடித்த ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அமைச்சர் பேசுகிறார், கம்பெனிக்காரர் பேசுகிறார், கட்சிக்காரர் பேசுகிறார், வீட்டைக் காலி செய்பவர்கள் ஒரு வரிகூடப் பேசவில்லையே?" என்றாள். மூன்று தாள்களிலும் அப்படியே. அவள் குடும்பமும் லயத்தில் வாழ்ந்த குடும்பம். செய்தியில் தன்னைப் போன்றவருக்கு வாயில்லை என்பதை வரி எண்ணியே கண்டுபிடித்தாள், எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆசிரியர் இங்கு ஒன்றைக் காத்துக்கொள்ள வேண்டும். எக்கட்சி நல்லது என்று கூறுவது நம் வேலையன்று. அதைக் கூறத் தொடங்கினால், நாமும் தட்டில் விரல் வைத்தவர் ஆவோம். எல்லாக் கட்சிச் செய்திக்கும் ஒரே ஐந்து பயிற்சிகளையே இட வேண்டும். பெற்றோர் எக்கட்சியினராயினும் குறைகூற இடமிராது.

நம் பிள்ளைகள் நாளை வாக்களிப்பர்; சங்கங்களில் அமர்வர்; சிலர் செய்தி எழுதவும் கூடும். கிள்ளானில் மாண்ட ஐவரைப் பற்றி எங்கேனும் ஒரு வரி காணும்போது, "கலவரத்தில் பலி" என்று படித்துக் கடந்துபோகாமல், "சுட்டவர் யார்? அவர்கள் கேட்டது என்ன?" என்று அவர்கள் வினவ வேண்டும். அவ்வினாவைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுவாயும் பயனிலையும் தேர்வுக்கு மட்டும் உரிய பாடமாக இரா.